மொரீசுத் தலையைக் கழற்றிய நாள்

1. முதல் நாள்

நான் வேலையில் சேர்ந்த முதல் நாளே ராணியம்மாளின் முதுகைக் கிழித்துவிட்டேன்.

விக்டோரியா ராணி உயிரோடிருந்த காலம் அது. தங்கவயலுக்கு ரயில் வந்துவிட்டது, கரண்ட் இன்னும் வரவில்லை. இப்போது பங்காருபேட்டை என்கிற ஊரை அப்போது பவுரிங்பேட்டை என்பார்கள். அங்கிருந்து சின்ன ரயிலில் தபால் மூட்டை வரும்.

சாம்பியன் ரீப்ஸ் என்ற சுரங்கத்து மேட்டில் ஒரு துரை இருந்தார். குழியிலிருந்து வரும் கல்லைப் பொடித்து உருக்கி, அதில் தங்கம் எவ்வளவு என்று சொல்வதுதான் அவர் வேலை. அந்த ஆபீசுக்கு அசே ஆபீஸ் என்று பெயர், அதனால் அவரை எல்லோரும் அசே துரை என்றார்கள். ஐம்பது வயது, கல்யாணம் ஆகாதவர். அவருடைய பட்லர் அந்தோணி, குழி வேலைக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் லைனுக்கு வந்து என் அப்பாவிடம், துரை வீட்டில் துணி தைக்க ஒரு பெண் வேண்டும் என்று கேட்டார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவள். புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. யாராவது பேர் கேட்டாலே சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லுவேன்.

அந்தோணி பட்லர் என்னைத் துரைக்கு முன்னால் நிறுத்தி, "பேரு எஸ்தருங்க தொரே. கை சுத்தம். எழுத்து தெரியும். வாய்தான் இல்ல" என்றார்.

"வாய் இல்ல? ரொம்ப நல்லது" என்றார் துரை.

பித்தான் தைத்து முடித்ததும் துரை ஒரு கட்டு உறைகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். எல்லாம் தபாலில் வந்து பிரித்த பழைய உறைகள். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டாம்பை, நாங்கள் தலை என்போம், கிழியாமல் எடுக்க வேண்டும் என்றார். நான் புத்திசாலித்தனமாக நகத்தால் ஒரு மூலையை நெம்பி, சர்ரென்று இழுத்தேன். வந்துவிட்டது. துரை அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ராணியின் கன்னத்துக்குப் பின்னால் காகிதம் தோல் உரிந்த மாதிரி மெலிந்து, வெளிச்சம் தெரிந்தது.

"பாரு பொண்ணு. முன்னாடி அழகு. பின்னாடி செத்துப் போச்சு. இதுக்கு இனிமே வெல இல்ல."

வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் ஒரு பீங்கான் தட்டில் தண்ணீர் ஊற்றி, தம் கையாலேயே செய்து காட்டினார். அன்று தொடங்கியது. எட்டு வருஷம் அந்த வேலை செய்தேன்.

2. வேலை எப்படி

இந்தக் காலத்தில் தலை சேர்க்கிற பிள்ளைகள் நிறைய இருப்பதால் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

தலை ஒட்டியிருக்கும் மூலையை மட்டும் வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் முகம் மேலே தெரிய மிதக்க விட வேண்டும். கோந்து இளகியதும் காகிதம் தானே கழன்று கீழே போகும். தலையைக் கையால் தொடாமல் சின்ன இடுக்கியால் எடுத்து, மை ஒற்றும் தாள் இரண்டுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புஸ்தகம் வைக்க வேண்டும். சாயக் காகித உறையாக இருந்தால், வெட்டிய ஓரத்திலிருந்து சாயம் கசிந்து தலையில் இறங்கிவிடும். அதற்குத் தண்ணீரில் ஒரு கை உப்பு போட்டு, முழு உறையையும் சீக்கிரமாக முக்கி எடுக்க வேண்டும். காய்ந்த பிறகு கருப்புத் தட்டில் கவிழ்த்து ஒரு சொட்டு பென்சின் விட்டால் காகிதத்துக்குள் இருக்கும் நீர்க்குறி தெரியும். நம் தேசத்துப் பழைய தலைகளில் யானைத் தலை, பின்னால் வந்ததில் நட்சத்திரம். ஓரத்துப் பற்கள் ஒன்றுகூட உடையக் கூடாது. ஒரு தரம் பற்கள் கோணல்மாணலாக இருக்கிறதே என்று கத்தரிக்கோலால் ஓரம் கட்டிக் கொடுத்தேன். துரை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இன்னொரு சட்டமும் இருந்தது. தலை கழற்றிய உறைகளை அன்றன்றே அடுப்பில் போட்டுவிட வேண்டும். ஊரார் கடிதத்து உறைகள் அவை. தம் வீட்டில் கிடந்தால், துரை எல்லார் கடிதத்தையும் படிக்கிறார் என்று பேச்சு வரும் என்று அவர் நினைத்தார். நியாயமான சட்டம்தான்.

அந்தோணி பட்லர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா எஸ்தரு, இன்னிக்கு ராணியம்மாளுக்கு எத்தினி தபா தண்ணி ஊத்துன?" என்பார். எனக்குச் சிரிப்பு வரும்.

துரைக்கு எல்லாத் தலையும் பிடிக்கும், ஆனால் உயிர் ஞாபகத் தலைகள்மேல்தான். ஒரு ராஜாவையோ கவர்னரையோ கனப்படுத்த இவற்றைக் கொஞ்ச காலம் மட்டும் அச்சடித்து நிறுத்திவிடுவார்கள். ராணி பட்டத்துக்கு வந்த அறுபதாம் வருஷத்துக்குக் கனடா தேசத்தார் போட்ட தலை ஒன்று அவரிடம் இருந்தது. அதில் ராணிக்கு இரண்டு முகம். ஒன்று பட்டம் கட்டின வயதுப் பெண், ஒன்று கிழவி. அதை அவர் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

3. ராணி செத்த வருஷம்

ராணி இறந்த செய்தி வந்தபோது குழியில் ஒரு ஷிப்டு வேலை நிறுத்தினார்கள் என்று ஞாபகம். மறுவாரம் எங்கள் லைனில் ஒரு வதந்தி கிளம்பியது. செத்த ராணியின் தலைக்கு இனிமேல் பவுன் விலை என்று. துரையிடம் வேலை செய்கிறவள் நான் என்பதால், பானைக்குள்ளும் கூரைக்குள்ளும் செருகி வைத்திருந்த பழைய உறைகளை எல்லோரும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றில் முக்கால்வாசி அரையணா பச்சைத் தலை. நான் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு எல்லாவற்றையும் முறத்தில் வைத்து பங்களாவுக்குத் தூக்கிப் போனேன்.

துரை விழுந்து விழுந்து சிரித்தார். "பொண்ணு, இது கோடி கோடி இருக்குது. ராணி செத்தா இன்னா, இருந்தா இன்னா? ஆளு பெரிசா இருந்தா வெல வராது. தலை கொஞ்சமா இருந்தாதான் வெல வரும்."

நான் வெறும் முறத்தோடு திரும்பி வந்தேன். குழாயடியில் நின்ற பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்றவள் பக்கத்து வீட்டுக் குப்பம்மா. குழிக்கு மேலே கல் பொறுக்குகிற வேலை செய்தவள். அவளுக்கு வாயும் கையும் நீளம், மனசும் நீளம்.

"இன்னாடி இது, அம்மாம் பெரிய ராணிக்கு ஒரு காசு மதிப்பு இல்லியா?"

"கோடி கணக்குல அடிச்சிட்டாங்களாம்க்கா."

"அட போடி! அப்ப அவங்களும் நம்மள மாதிரிதான். நெறைய கீறோம், வெல இல்ல" என்றாள். குழாயடியே சிரித்தது.

குப்பம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும். அவள் புருஷன் கோவிந்தன் கீழே துளை போடுகிற வேலை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் கீழ் லெவலில் பாறை வெடித்துச் சரிந்து, அவனுக்குப் பக்கத்தில் நின்றவன் நசுங்கிச் செத்தான். அதற்குப் பிறகு குழிக்குள் ஆளை இறக்கும் கேஜில் ஏறப் போனாலே கோவிந்தன் பயந்து திரும்பி வந்துவிடுவான். வேலைக்குப் போகாமல் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்தான். ஒரு நாள் குப்பம்மா ஆத்திரத்தில், "எம் பொடவைய கட்டிக்கினு ஊட்ல ஒக்காரு, நான் எறங்கறேன் குழிக்கு" என்று லைன் முழுதும் கேட்கக் கத்தினாள். மறுநாள் அவன் இல்லை. மதராசில் கப்பல் ஏறி மொரீசுத் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போய்விட்டான் என்று ஒருவர் சொன்னார், செத்துவிட்டான் என்று ஒருவர் சொன்னார். அஞ்சலை என்று ஒரு பெண் குழந்தை. குப்பம்மா அதை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் எப்படி எடுத்துக்கொள்வது?

4. குப்பம்மா கொண்டுவந்த உறை

அந்த வருஷம் ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் குப்பம்மா ஓடி வந்தாள். கையில் சிவப்புக் காகித உறை. மேலே கிழித்திருந்தது, கடிதம் அவள் இடுப்பில் செருகியிருந்தது.

"எஸ்தரு, இத்த கொஞ்சம் பாரு. எங்கேர்ந்து வந்துக்கீது? நாலு மூலையிலயும் மஞ்சளக் காணோம். கெட்ட சேதியாடி?"

நல்ல சேதி என்றால் மூலையில் மஞ்சள் தடவி அனுப்புவது நம் வழக்கம். அவள் பயந்தது அதற்கு.

நான் உறையை வாங்கினேன். என் கண் நேரே தலைக்குத்தான் போனது. நீல நிறம். பொய்முடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் முகம். அந்த மாதிரித் தலையைத் துரை ஒரு புஸ்தகத்தில் படமாகக் காட்டி, தம்மிடம் இல்லை என்று சொல்லியிருந்தார்.

"அக்கா, இது மொரீசுத் தலை! ஞாபகத் தலை. அந்தத் தீவ முன்னாடி ஆண்ட கவர்னராம்."

"மொரீசா? நெசமாவா?" குப்பம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அவருதான்டி. செத்தவரு காயிதம் போடுவாரா?" அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "மஞ்ச தடவத் தெரியாத மனுசன்! அந்த ஊர்ல மஞ்சளுக்குக் கூடவா பஞ்சம்?"

"படிக்கட்டுமாக்கா?"

"இப்ப வாணாம். ஞாயித்துக்கெழமை மூத்தாரு வரட்டும். நானா தனியா படிக்கக் கேட்டேன்னா, இன்னா எழுதுனான், இன்னாத்த மறைச்சேன்னு நாளைக்குப் பேசுவாங்க." கோவிந்தனின் அண்ணன் ஏழுமலையைச் சொன்னாள். கோரமண்டல் என்கிற இன்னொரு குழியில் வேலை, ஞாயிறுதான் அவருக்கு ஓய்வு.

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உறைய நீ எடுத்துக்கினு போ. ராணிக்குத்தான் ஒண்ணும் தரல, இந்தப் பொய்முடிக்காரருக்காவது தொரை எதுனா தராரா பாப்போம்" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷம் துரைக்கு ஒரு நல்ல தலை கிடைத்ததற்கு. வெட்கப்பட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பங்களாவில் துரை இல்லை, ஆபீசுக்குப் போயிருந்தார். சாய உறை. வைத்திருந்தால் வியர்வைக் கை பட்டுச் சாயம் இறங்கும் என்று பயந்தேன். உப்புத் தண்ணீர் கலந்து முழு உறையையும் முக்கினேன். முக்கினதும் பின்பக்கத்திலிருந்து ஊதா மை புகை மாதிரிக் கிளம்பித் தண்ணீரில் பரவியது. அங்கே ஏதோ ரப்பர் முத்திரை குத்தியிருந்திருக்கிறது. அதைப் பார்த்தேன். பார்த்தும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. ஊதா நிறம் தலையில் ஏறிவிடுமே என்றுதான் பதறினேன். இடுக்கியால் தலையைப் பிடித்து எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, தாளுக்கு நடுவில் வைத்தேன். ஒரு பல் உடையவில்லை, ஒரு பொட்டுச் சாயம் இல்லை. நான் கழற்றியதிலேயே சுத்தமான தலை அது. உறையைப் பிழிந்து அடுப்பில் போட்டேன்.

சாயங்காலம் துரை பார்த்துவிட்டுக் குப்பம்மாவுக்கு எட்டணா கொடுத்தார். அவள் அதில் லைன் பிள்ளைகளுக்கெல்லாம் பொரிகடலை வாங்கிக் கொடுத்தாள்.

5. ஞாயிற்றுக்கிழமை

நான் கோவிலுக்குப் போய் வந்ததும் கூப்பிட்டார்கள். ஏழுமலை மூத்தார் பாயில் உட்கார்ந்திருந்தார். குப்பம்மா கதவோரம். அஞ்சலை அவள் மடியில். அக்கம்பக்கத்தார் வாசலில்.

நான் தலை நிமிராமல் படித்தேன். "என் அன்புள்ள பெண்சாதி குப்பம்மாளுக்குக் கோவிந்தன் எழுதிக்கொண்டது. இவ்விடம் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்." யாரையோ வைத்து எழுதியிருந்தான். கரும்பு வெட்டுகிறேன், வெயில் அதிகம், ஆனால் தலைக்கு மேலே வானம் இருக்கிறது என்று எழுதியிருந்தான். நீ சொன்னது என் நெஞ்சில் இருக்கிறது, ஆனாலும் குழந்தை ஞாபகமாகவே இருக்கிறது. உனக்கு என்மேல் வெறுப்பு இல்லை என்றால் ஒரு வரி எழுது. பொங்கலுக்குள் பதில் வந்தால் அடுத்த கப்பலில் வந்துவிடுவேன். வராவிட்டால் உனக்கு நான் வேண்டாம் என்று அர்த்தம். இங்கேயே ஐந்து வருஷத்துக்குக் கைநாட்டு வைத்துவிடுவேன்.

அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. "நான் இருக்கும் தோட்டத்தின் பெயர் பிரெஞ்சுப் பெயர். தமிழில் எழுத வரவில்லை. உறையின் பின்பக்கம் தோட்டத்து முத்திரை குத்தியிருக்கிறது. அதைப் பார்த்து அப்படியே விலாசம் எழுதவும்."

அந்த இரண்டு வரியை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை.

வாசல் நிறைய ஜனம். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். கடிதத்தை மடித்துவிட்டேன்.

குப்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "வெறுப்பா? எனக்கா? பைத்தியக்கார மனுசன்."

ஏழுமலை மூத்தார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒடனே பதில் போடணும். வெலாசம் எழுதிக்கீறானா?" என்றார்.

"எங்கிட்ட இருக்குதுங்க" என்றேன்.

என் வாழ்நாளில் கூச்சமில்லாமல், தயங்காமல் நான் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

6. துரை சொன்ன வழி

துரையிடம் கேட்க நாலு நாள் ஆனது. தினமும் கதவு வரைக்கும் போய்த் திரும்புவேன். கடைசியில் அந்தோணி பட்லர், "இன்னாமா, கதவுக்குக் காவல் நிக்கிறியா? உள்ள போய் சொல்லு" என்று தள்ளிவிட்டார்.

துரை பொறுமையாகக் கேட்டார். ஆல்பத்தைத் திறந்து பூதக்கண்ணாடி வைத்துத் தலைமேல் விழுந்த தபால் முத்திரையைப் பார்த்தார். துறைமுகத்துப் பெரிய தபால் ஆபீஸ் பேர்தான் இருந்தது, போர்ட் லூயி என்று. அந்தத் தீவு முழுதும் கரும்புத் தோட்டம், எந்தத் தோட்டம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது என்றார்.

பிறகு ஆல்பத்தை மூடாமலே சொன்னார். "இந்தத் தலை மட்டும்னா லண்டன் கடையில நான் வாங்கலாம். தோட்டத்து முத்திரையோட முழு உறை, அது எங்கயும் கெடைக்காது. அப்படியே வெச்சிருக்கணும். எரிக்கச் சொன்னது நான். உன் தப்பு இல்ல."

தலை சேர்க்கிறவர் கணக்கிலும் குப்பம்மாவின் கணக்கிலும் விலையுள்ளது அந்த உறைதான். இரண்டு பேருக்கும் இல்லாமல் செய்துவிட்டு, நடுவில் இருந்த நீலக் காகிதத்தைப் பத்திரப்படுத்தினேன்.

துரை வழியும் சொன்னார். "அங்கே கூலிக்காரங்களுக்குன்னு ஒரு கவர்மெண்ட் ஆபீஸ் இருக்குது. நான் எழுதுறேன். கப்பல் பேரு, ஏறின மாசம், அவன் அப்பா பேரு, உடம்புல என்ன அடையாளம், எல்லாம் வேணும். அந்தம்மாவ நாளைக்கு இட்டுக்கினு வா. பொங்கலுக்கு நாள் இருக்குது. முடியும்."

முடியும் என்றார். அந்த வார்த்தை இன்றைக்கும் காதில் இருக்கிறது.

குப்பம்மாவை அழைத்துப் போக வேண்டுமானால், ஏன் என்று சொல்ல வேண்டும். விலாசத்தை நான் தண்ணீரில் கரைத்தேன், அடுப்பில் போட்டேன், உங்கள் எல்லோர் முன்னாலும் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அஞ்சலைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாடி எந் தங்கம்! நீ இல்லன்னா இந்தக் காயிதத்த யாரு படிச்சிருப்பாங்க?" என்று கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தாள்.

என்னால் சொல்ல முடியவில்லை. நாளைக்கு என்று நினைத்தேன். துரை மறுநாள் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். பிறகு அவர் கேட்கவில்லை.

7. பதில்

பதிலைக் குப்பம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன்.

"எழுது. நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. என் வாயி நாசமாப் போவ. எழுதினியா?"

"அப்படியேவா எழுதணும்?"

"அப்பிடியே எழுது, இன்னாத்துக்கு பாலிஷு? நீ குழிக்கே எறங்க வாணாம். மூட்ட தூக்கு, மாடு மேயி, சும்மாகூட ஒக்காரு. நான் சம்பாரிக்கிறேன். அஞ்சல பல்லு மொளைச்சு, பல்லு விழுந்து, மறுபடி மொளைச்சிட்டா. அப்பா எங்கன்னு கேக்கறா. வந்து சேரு. வெலாசத்த மட்டும் சரியா எழுதுடி தங்கச்சி, அதான் முக்கியம்."

நாலு மூலையிலும் அவளே மஞ்சள் தடவினாள். நான் உறைமேல், கோவிந்தன், கரும்புத் தோட்டம், போர்ட் லூயி, மொரீசு என்று எழுதினேன். அனுப்புகிறவர் என்ற இடத்தில் பங்களா விலாசத்தைப் போட்டேன். திரும்பி வந்தால் லைனுக்கு வரக் கூடாது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்கிறது.

பொங்கல் வந்தது. குப்பம்மா வீட்டுக்கு வெள்ளை அடித்தாள். பவுரிங்பேட்டையிலிருந்து ரயில் வரும்போதெல்லாம் ஸ்டேஷனுக்குப் போய் நின்றாள். மாசி போயிற்று, பங்குனி போயிற்று. சித்திரையில் கடிதம் திரும்பி வந்தது. முன்னும் பின்னும் முத்திரைமேல் முத்திரை, ஆள் தெரியவில்லை என்று இங்கிலீஷில் சிவப்பு மையில் எழுத்து. துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த மாதிரி ஊர் சுற்றித் திரும்பி வந்த உறைக்குத் தலை சேர்க்கிறவர்களிடம் நல்ல மதிப்பு உண்டு என்பது எனக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை. என் கையில் கொடுத்துவிட்டு, "அந்தம்மாகிட்ட குடு" என்றார்.

நான் கொடுக்கவில்லை. துணிப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

லைனில் பேச்சு வேறு மாதிரி ஆயிற்று. அவன் அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான், அதனால்தான் பதில் இல்லை என்றார்கள். குப்பம்மாவும் அதை நம்பினாள். "நான் கால்ல விழாத கொறையா எழுதுனேன். ஒரு வரி போட்டானா பாரு" என்று என்னிடமே சொல்லுவாள். நான் சுவரைப் பார்ப்பேன். ஒரு ஆடி மாதம் ஏழுமலை மூத்தாரோடு ஏதோ சண்டை. அவர் தம்பிக்குப் பரிந்து பேசினார். குப்பம்மா எல்லோர் முன்னாலும் தாலியைக் கழற்றி அவர் காலடியில் போட்டாள். "உயிரோட கீறவனுக்குத் தாலி அறுத்தவ நான்னு ஊரு சொல்லட்டும்" என்றாள்.

8. பந்தலுக்கு வெளியே

அஞ்சலைக்குக் கல்யாணம் நடந்தபோது துரை சீமைக்குத் திரும்பிவிட்டிருந்தார், ஆல்பமும் அவரோடு போயிற்று. லைனில் கரண்ட் விளக்கு எரிந்தது. பந்தலில் பெண்ணுக்கு நலுங்கு வைக்கத் தாலியோடு இருக்கும் பெண்களைக் கூப்பிட்டார்கள். பெற்றவள் பந்தலுக்கு வெளியே, வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நலுங்கு வைக்க முதலில் கூப்பிட்டது என்னை. கைகொட்டிச் சிரித்துக்கொண்டு, "போடி எஸ்தரு, என் பதிலுக்கு நீ வையி" என்று அவளே அனுப்பினாள். எப்படி வைத்தேன் என்று ஞாபகமில்லை.

மறுநாள் காலையில் பெட்டியின் அடியிலிருந்து அந்த உறையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அண்டா துலக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உப்புத் தண்ணீர், ஊதா மை, அடுப்பு, படிக்காமல் விட்ட இரண்டு வரி, துரை சொன்ன வழி, எல்லாம். எட்டு வருஷம் சொல்லாததைச் சொல்ல வெகு நேரம் ஆகவில்லை.

அவள் துலக்குவதை நிறுத்தவில்லை. அண்டா முழுதும் துலக்கி, கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கை துடைத்துக்கொண்டு உறையை வாங்கினாள். மூலையில் மஞ்சள் இன்னும் மங்கலாக இருந்தது. அதை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"பிரிச்சுப் படிக்கட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு? இதுல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும். சொன்னவளே நான்தானே." உறையை இடுப்பில் செருகிக்கொண்டு, "தெரியாதவரு அவரு ஒத்தருதான்" என்றாள்.

என்னைத் திட்டவில்லை. அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு இரண்டு பேருமாகப் போய், பெட்டிஷன் எழுதுகிறவரிடம், விசாரித்துத் தெரிந்துகொண்ட கப்பல் பேர், மாசம், அப்பா பேர் எல்லாம் சொல்லி, துரை சொன்ன அந்த ஆபீசுக்கு எழுதிப் போட்டோம். பதில் வரவில்லை. குப்பம்மா அதற்குப் பிறகும் என்னோடு பேசினாள், அரிசி கடன் கேட்டாள், சண்டை போட்டாள். தங்கச்சி என்று மட்டும் கூப்பிடவில்லை.

வீடுகளிலும் ஆபீசுகளிலும் வேலை செய்கிற சின்னப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். தலை சேர்ப்பவர்கள் உறையைத் திருப்பிப் பார்க்காமல் தண்ணீரில் போடாதீர்கள், அது வேலையின் பாடம். அந்தத் தப்பைத் துரை மன்னித்துவிட்டார், நானும் என்னை மன்னித்திருப்பேன். கைத்தவறு எல்லோருக்கும் வரும். ஆனால் தவறு நடந்தால், யாருடைய பொருள் போயிற்றோ அவர்களிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள். கூச்சம் நல்ல குணம் என்று எனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் துரையிடம் சொல்ல நாலு நாள் எடுத்தேன், குப்பக்காவிடம் சொல்ல எட்டு வருஷம் எடுத்தேன். முதலில் அவளிடம் போயிருக்க வேண்டும்.